ஒரு கோலுக்கு நூறு பவுண்டு

1925 கோடையில் கால்பந்து வீரர் சார்லி பக்கனை விலைக்குக் கேட்டு வந்த ஆர்சனல் கிளப்பிடம் அவருடைய கிளப்பான சண்டர்லாந்து சொன்ன தொகை 4,000 பவுண்டு. ஆளுக்கு வயதோ 33. ஆர்சனல் மேலாளர் ஹெர்பர்ட் சாப்மன் பேரம் பேசினார். கடைசியில் கையில் 2,000, அப்புறம் முதல் சீசனில் அடிக்கும் ஒவ்வொரு கோலுக்கும் 100 என்று படிந்தது. தாக்குபவர் எதிரணி கோலருகே முன்கூட்டியே போய்ப் பந்துக்குக் காத்திருப்பதைத் தடுக்கும் ஆஃப்சைடு விதி தளர்ந்த அதே கோடையில் இப்படி ஒரு ஒப்பந்தம்! துணிச்சல்தான்.

மேசையில் மூன்று டம்ளர் வைத்தால் அந்த விதி புரிந்துவிடும். விளிம்பில் இருப்பது கோல்கீப்பர், மற்ற இரண்டும் தடுப்பாளர்கள். பழைய விதிப்படி, பந்து உதைபடும்போது அதற்கு முன்னால் நிற்கும் தாக்குபவருக்கும் கோல் கோட்டுக்கும் நடுவில் எதிரணியினர் மூன்று பேராவது இருக்க வேண்டும். ஆகவே ஒரு டம்ளரை மட்டும் முன்னே நகர்த்தினால் போதும், அதைத் தாண்டி நிற்பவர்கள் எல்லாரும் ஆஃப்சைடு. கணக்கு தப்பினாலும் இன்னொரு தடுப்பாளர் பின்னால் காவலுக்கு இருப்பார். நியூகாசிலின் தடுப்பாளர் பில் மெக்கிராக்கன் இந்தப் பொறியில் கைதேர்ந்தவர். ஆட்டம் நடுக்கோட்டை ஒட்டியே நெரிசலில் சிக்கிக் கிடந்தது.

புதிய விதியில் இரண்டு பேர் போதும். இப்போது கோட்டைத் தீர்மானிப்பது பின்தங்கி நிற்கும் டம்ளர். பொறி வைக்க இருவரும் ஒன்றாக நகர வேண்டும். அரை நொடி பிசகினால் கீப்பர் தனியாள். இங்கிலாந்தின் முதல் டிவிஷனில் 462 ஆட்டங்களில் முந்தைய சீசனில் விழுந்தவை 1,192 கோல்கள், புதிய விதி வந்த சீசனில் 1,703.

அக்டோபர் 3 அன்று நியூகாசிலிடம் ஆர்சனல் 7-0 என்று உதை வாங்கியது. பக்கன் ஒரு யோசனை சொன்னார்: நடுக்களத்தில் உலாவும் சென்டர் ஹாஃபை இரு தடுப்பாளர்களுக்கு இடையே இறக்குங்கள், அவர்கள் இருவரும் ஓரங்களில் ஓடிவரும் விங்கர்களைப் பார்த்துக்கொள்ளட்டும். நடுவில் விழும் ஓட்டையை அடைக்க முன்வரிசையிலிருந்து ஒருவர் பின்னால் வர வேண்டும். அந்த வேலைக்கும் பக்கனே முன்வந்தார். சாப்மன் விடவில்லை, கோல் அடிக்கத்தானே வாங்கினார்! கிளப்பின் மூன்றாம் அணியில் கிடந்த ஆண்டி நீல் அந்த வேலைக்கு அழைக்கப்பட்டார். ஓட்டம் மந்தம், ஆனால் பந்து காலுக்கு வந்தால் அங்கேயே நிற்கும். இரண்டே நாளில் வெஸ்ட் ஹாமை 4-0 என வென்றார்கள்.

முதல் சீசனில் பக்கன் அடித்தது 21 கோல்கள். சண்டர்லாந்துக்குப் போய்ச் சேர்ந்த மொத்தத் தொகை 4,100 பவுண்டு.