லேடிபவர் ஏரியின் ஓட்டை எங்கே போகிறது?

ஷெஃபீல்டில் படிக்கும் மகளைப் பார்க்கப் போயிருந்த வாசகர் ஒருவர் அங்கிருந்து ஒரு படம் அனுப்பியிருந்தார். சுற்றிலும் குன்றுகள், நடுவில் பரந்த நீர்த்தேக்கம். கரையோரமாக, தண்ணீருக்குள்ளேயே வட்டமாக ஒரு பெரும் பள்ளம். நாலா பக்கமிருந்தும் தண்ணீர் நுரைத்துக்கொண்டு அதற்குள் விழுகிறது. "சார், இது நிஜமா, கம்ப்யூட்டரில் செய்த வேலையா? இந்தத் தண்ணீர் எங்கே போகிறது? ஏரி மொத்தமும் இதற்குள் வடிந்துவிடாதா?" என்று கேட்டிருந்தார்.

நிஜம்தான். டெர்பிஷயரில், பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் லேடிபவர் நீர்த்தேக்கம் அது. இங்கிலாந்தில் ஏரி பார்க்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் வடமேற்கே லேக் டிஸ்ட்ரிக்ட்டுக்குப் போய், விண்டர்மியரில் படகு ஏறிவிட்டு வந்துவிடுகிறார்கள். அது பனியாறு குடைந்த ஏரி, அழகுதான். ஆனால் எனக்கு லேடிபவர் மேல்தான் கொள்ளைப் பிரியம், அதுவும் இந்த ஓட்டையால். ஓட்டை ஒன்றல்ல, இரண்டு. அணையின் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. உள்ளூர்க்காரர்கள் 'ப்ளக் ஹோல்' என்பார்கள், அதாவது கைகழுவும் தொட்டியின் அடித்துளை.

பெயர் பொருத்தமானது போலத் தெரிந்தாலும், வாசகரின் மூன்றாவது சந்தேகம் பிறப்பதே அந்தப் பெயரால்தான். தொட்டியின் துளை அடியில் இருக்கும்; அடைப்பை எடுத்தால் கடைசிச் சொட்டுவரை வடியும். லேடிபவரின் துளைக்கு வாய் மேலே இருக்கிறது. ஏரியின் முழுக் கொள்ளளவு எந்த மட்டமோ, அந்த மட்டத்தில் வாயின் விளிம்பு. தண்ணீர் அதற்கு ஒரு விரற்கடை கீழே இருந்தாலும் ஒரு சொட்டு உள்ளே போகாது. நம் ஊர் ஏரிகளில் நிரம்பியதும் மறுகால் பாயும் கலிங்கு இருக்கிறதே, அதேதான். வட்டமாகச் சுருட்டிவைத்த கலிங்கு.

சரி, எதற்காகச் சுருட்ட வேண்டும்? இதற்கு அந்தப் பள்ளத்தாக்கில் இன்னும் கொஞ்சம் மேலே போய்ப் பார்க்க வேண்டும்.

டெர்வென்ட் ஆற்றின் மேல்போக்கில் ஹவ்டன், டெர்வென்ட் என்று இரண்டு பழைய அணைகள் உண்டு. இரண்டும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டி, 1916க்குள் முடித்த கல் அணைகள். நிரம்பிவிட்டால் தண்ணீர் அணையின் தலைமேலேயே ஏறி, முகப்பு முழுவதும் வெள்ளைச் சேலை விரித்ததுபோல இறங்கும். கல்லை அது ஒன்றும் செய்யாது. இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மன் அணைகளை உடைக்கத் துள்ளு குண்டு போட்ட விமானப்படையின் 617ஆம் பிரிவு, 1943இல் தாழப் பறந்து பழகிய இடங்களில் இந்த டெர்வென்ட் அணையும் ஒன்று. அது வேறு கதை.

அவற்றுக்குக் கீழே, 1935இல் தொடங்கி 1943இல் கட்டி முடித்த லேடிபவர் மண் அணை. நடுவில் களிமண் சுவர், இரு புறமும் சரித்துக் கொட்டிய மண். அடியில் அகலம் 200 மீட்டர். நிற்கும் தண்ணீரைத் தாங்க மண் அணை மிக நன்றாகவே போதும். ஆனால் அதன் தலைமேல் தண்ணீர் ஓட ஆரம்பித்தால் கதை முடிந்தது. முதலில் புல் போகும், அப்புறம் மண், சில மணி நேரத்தில் அணை. ஆகவே மண் அணை கட்டுகிறவரின் முதல் கவலை, மிகும் தண்ணீரை அணையைத் தொடாமல் எப்படிக் கீழே கொண்டுபோவது என்பதுதான். பக்கத்துக் குன்றை வெட்டி நீண்ட கலிங்கு கட்டலாம். பள்ளத்தாக்கு குறுகலாக இருந்தால் அதற்கு இடம் கிடைப்பது கடினம்.

வட்டத்தின் கெட்டிக்காரத்தனம் இங்கேதான். லேடிபவர் ஓட்டையின் வாய் 24 மீட்டர் விட்டம். பள்ளிக்கூடக் கணக்கைப் போடுங்கள்: சுற்றளவு சுமார் 75 மீட்டர். முக்கால் கால்பந்து மைதான நீளமுள்ள கலிங்கை, ஒரு கல்யாண மண்டபத்தின் இடத்துக்குள் அடக்கிவிட்டார்கள். இரண்டு ஓட்டைகளுக்குமாக 150 மீட்டர்!

விளிம்பின் நீளம் ஏன் அவ்வளவு முக்கியம்? கலிங்கின்மேல் வழியும் நீரின் அளவு, விளிம்பின் நீளத்தைப் பொறுத்தும், விளிம்புக்கு மேலே நிற்கும் நீரின் உயரத்தைப் பொறுத்தும் அமையும். உயரம் கூடினால் இரண்டு நடக்கின்றன. வழியும் நீரின் தடிமன் கூடுகிறது, வேகமும் கூடுகிறது. இரண்டும் சேர்ந்து பெருக்குவதால், உயரம் இரண்டு மடங்கானால் ஓட்டம் 2 மடங்கு அல்ல, ஏறத்தாழ 2.8 மடங்கு ஆகிறது. ஒரு ஓட்டையின் விளிம்பில் வெறும் 10 சென்டிமீட்டர் நீர் நின்றால், தோராயக் கணக்கில் வினாடிக்கு நாலரை கன மீட்டருக்கு மேல் உள்ளே போகும். தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஒன்றை மூன்று வினாடிக்குள் நிரப்பிவிடலாம். 20 சென்டிமீட்டர் என்றால் ஒரே வினாடிதான். இத்தனைக்கும் யாரும் மதகைத் திறக்க வேண்டியதில்லை. மின்சாரம் வேண்டாம், நடு ராத்திரியில் எழுந்து போய்ச் சக்கரம் சுற்ற ஆளும் வேண்டாம். வெள்ளம் கூடக்கூட, கலிங்கு தானாகவே அதைவிட வேகமாக விழுங்குகிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. எனக்கு இந்த ஓட்டையில் மிகவும் பிடித்த இடம் அதுதான். வாய் 24 மீட்டர், தொண்டையோ குறுகலானது. கீழே போகும் குழாயின் விட்டம் நாலரை மீட்டர்தான். குறைந்த வெள்ளத்தில் ஓட்டத்தைத் தீர்மானிப்பது விளிம்பு. தண்ணீர் கல்லை ஒட்டி இறங்கும், நடுவில் காற்று இருக்கும், எல்லாம் சுகம். வெள்ளம் ஏறிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் நாலா பக்கத்து நீரும் நடுவில் மோதி, தொண்டை முழுக்க அடைபடும். அந்த நிமிடத்திலிருந்து அதிகாரம் விளிம்பிடமிருந்து தொண்டைக்குப் போய்விடுகிறது. அடைபட்ட குழாயில் ஓட்டம், அதன்மேல் நிற்கும் மொத்த நீர் உயரத்தின் வர்க்கமூலத்தைத்தான் பின்தொடரும். அந்த உயரம் ஏற்கெனவே 20 மீட்டர் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏரி இன்னும் ஒரு மீட்டர் ஏறினால் அது 21. வர்க்கமூலம் எடுத்துப் பாருங்கள், ஓட்டம் இரண்டரை சதவீதம்தான் கூடும்!

ஒரு நிமிடம் முன்புவரை, உயரம் இரட்டித்தால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு விழுங்கிய வாய், இப்போது ஒரு மீட்டர் முழுசாக ஏறினாலும் அசைந்து கொடுக்காது. வரும் வெள்ளமோ குறையவில்லை. ஏரி மட்டம் மளமளவென்று ஏறும், மண் அணையின் தலையை நோக்கி. அதனால் இப்படிப்பட்ட ஓட்டையை வடிவமைக்கிறவர்கள், எதிர்பார்க்கக்கூடிய பெருவெள்ளத்திலும் தொண்டை அடைபடாதபடி கணக்குப் போடுவார்கள். பார்க்க இவ்வளவு எளிமையான கல்வட்டத்துக்குள் இரண்டு வேறு விதிகள் ஒன்றுக்கொன்று ஆட்சி மாற்றிக்கொள்வதை நினைத்தால் இப்போதும் எனக்கு வியப்பாக இருக்கும்.

லேடிபவர் ஓட்டையின் உட்புறம் வழுவழுப்பான புனல் அல்ல, வட்ட வட்டமான படிகள். விழும் நீர் ஒவ்வொரு படியிலும் தட்டி உடைந்து காற்றைக் கலந்துகொள்கிறது. படத்தில் தெரிந்த வெள்ளை நிறம் அந்தக் காற்றுக் குமிழிகளுடையது.

"பூமி சுழல்வதால் அங்கே தண்ணீர் இடஞ்சுழியாகப் போகுமாமே?" என்று இன்னொரு நண்பர் கேட்டார். இந்த ஓட்டையில் நீர் சுழல்வதே கிடையாது, விளிம்பின் எல்லாப் பக்கமிருந்தும் நேராக நடுவை நோக்கி விழுகிறது. வீட்டுத் தொட்டியில் சுழல்கிறதே என்றால், அது நீங்கள் தண்ணீர் ஊற்றிய விதத்தால் வந்தது. பூமி ஒரு சுற்றுக்கு ஒரு நாள் எடுத்துக்கொள்கிறது. தொட்டி ஒரு நிமிடத்தில் காலி. அந்த நுண்ணிய விளைவையும் கண்ணால் பார்த்தே தீருவேன் என்று அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஆஷர் ஷபிரோ என்பவர் 1962இல் ஒரு பெரிய தொட்டியில் நீரை 24 மணி நேரம் அசையாமல் வைத்திருந்து, பிறகு மெல்ல வடித்துக் காட்டினார். அவ்வளவு மெனக்கெட்டால்தான் தெரியும். யூடியூபில் 'பாதாள லோகத்தின் வாசல்' என்று இந்த ஓட்டைக்குச் சிவப்பு அம்புக்குறி போட்டு வீடியோ விடுகிறவர்கள் ஒரு வாளியை வைத்தாவது சோதித்திருக்கலாம்.

மறுகாலை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கும் அதே டெர்பிஷயரில் உதாரணம் இருக்கிறது. 2019 ஆகஸ்ட் 1 அன்று, வேலி பிரிட்ஜ் ஊருக்கு மேலே இருக்கும் டாட்புரூக் என்ற பழைய மண் அணையில், பலத்த மழைக்குப் பிறகு கலிங்கின் கான்கிரீட் பாளங்கள் பெயர்ந்து விழுந்தன. அந்தக் கலிங்கை 1970 வாக்கில் அணையின் முதுகின்மேலேயே போட்டிருந்தார்கள். சுமார் 1,500 பேரை ஊரைவிட்டு வெளியேற்றினார்கள். சினூக் ஹெலிகாப்டர் வந்து மூட்டை மூட்டையாக ஜல்லி கொட்டியது. அணை நின்றது. வடிவமைப்பு மோசம், பராமரிப்பும் விட்டுவிட்டு நடந்தது என்று பின்னால் வந்த சுயேச்சை ஆய்வு சொன்னது. புது அணைக்கு ரிப்பன் வெட்ட எந்த நாட்டிலும் பணம் கிடைத்துவிடும். பாளங்களின் இடுக்கில் முளைத்த செடியைப் பிடுங்கத்தான் நிதி ஒதுக்கீடு வராது. என் எரிச்சல் இது, இருக்கட்டும்.

வாசகரின் இரண்டாவது கேள்வி பாக்கி இருக்கிறது. ஒவ்வொரு ஓட்டையின் அடியிலிருந்தும் அந்த நாலரை மீட்டர் குழாய் அணையின் மறுபக்கத்துக்குப் போகிறது. ஆகவே உள்ளே விழும் நீர் அணைக்கு அந்தப் பக்கம் வெளியே வந்து, பழையபடி டெர்வென்ட் ஆறாகிறது. டெர்பி நகரத்தைத் தாண்டி ட்ரென்ட் ஆற்றில் கலந்து, ஹம்பர் கழிமுகம் வழியாக வட கடலுக்குப் போகிறது.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஷெஃபீல்டிலிருந்து மான்செஸ்டர் போகும் ரயிலில் ஏறி பாம்ஃபோர்டில் இறங்கினால் நடக்கும் தூரம்தான். நல்ல மழைக்குப் பிறகு, குளிர்காலத்தில் போங்கள். கோடையில் நீர்மட்டம் இறங்கி, ஓட்டை வெறும் கல்வட்டமாக வாய் பிளந்து நிற்கும். ஏரி ரொம்பவே வற்றிய வருடங்களில் மட்டும் வேறொன்று தெரியும். இந்த ஏரிக்காக மூழ்கடித்த டெர்வென்ட் கிராமத்தின் சுவர் அடித்தளங்கள். 2018இல் அப்படித் தெரிந்தபோது, ஓட்டையைப் பார்க்க வந்த கூட்டத்தைவிட அதைப் பார்க்க வந்த கூட்டம் அதிகம் என்றார்கள்.