எஸ்விஎன்னிலிருந்து கிட்டுக்கு மாறும்போது பழைய லாகை விட்டுவிடாதீர்கள்

காட்பாடியில் இருந்துகொண்டு ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்துத் தோல் தொழிற்சாலைகளுக்கு மென்பொருள் வேலை செய்து தருகிறேன். பராமரிப்புக்கு என்னிடம் வந்த ஒரு ஸ்டாக் மென்பொருளில், தோலின் பரப்பைக் கால் சதுர அடிக்குச் சரிசெய்யும் வரி ஒன்று இருந்தது. ஏழே முக்கால், எட்டே கால் என்றுதானே இங்கே தோலுக்குக் கணக்கு! அது தெரியாமல், தேவையில்லாத வரி என்று நினைத்து எங்கள் குழுவில் ஒரு தம்பி எடுத்துவிட்டார். பில்லும் பேக்கிங் லிஸ்டும் ஒத்துப்போகவில்லை.

எஸ்விஎன், கிட் இரண்டும் கோடில் செய்யும் மாற்றங்களை வரலாறாகச் சேமித்து வைக்கும் மென்பொருள்கள். அந்த வரியை யார், ஏன் எழுதினார்கள் என்று கிட்டின் லாகில், அதாவது மாற்றங்களின் பதிவேட்டில் தேடினால், முதல் கமிட்டே (பதிந்த மாற்றமே) "புது ரெப்போ", அதாவது புதுக் கோடு களஞ்சியம் என்றிருந்தது. முன்பு பார்த்துக்கொண்டவர்கள் கடைசி நிலையில் இருந்த கோடை மட்டும் கிட்டில் போட்டுவிட்டு, எஸ்விஎன் சர்வரை ஃபார்மேட் செய்துவிட்டார்கள். பல வருடத்துக் காரணங்கள் அதோடு போய்விட்டன. எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை, ஏனென்றால் அத்தனையையும் கொண்டுவர வழி இருக்கிறது.

கிட்-எஸ்விஎன் என்ற கருவி எஸ்விஎன்னில் பதிந்த ஒவ்வொரு மாற்றத்தையும், அதாவது ரிவிஷனையும், கிட்டில் ஒரு கமிட்டாக மாற்றித் தரும். அதற்கு முன் பெயர்ப் பட்டியல் ஒன்று தயாரிக்க வேண்டும். எஸ்விஎன் லாகில் வெறும் யூசர்நேம்தான் இருக்கும். கிட்டுக்குப் பெயரும் மின்னஞ்சலும் வேண்டும். வேலையை விட்டுப் போனவர்களையும் சேருங்கள். "குமார்2" யார் என்று பழைய ஆட்களிடம் இப்போதே கேட்டுவிடுங்கள், அப்புறம் கேட்க ஆள் இருக்காது.

பல வழிகாட்டிகள் நோ-மெட்டாடேட்டா என்ற தேர்வைப் போடச் சொல்கின்றன. நான் போடுவதில்லை. அதைப் போடாவிட்டால் ஒவ்வொரு கமிட் செய்தியின் அடியிலும் பழைய ரிவிஷன் எண் நிற்கும். "ரிவிஷன் 1842-ல் சரிசெய்தது" என்று யாராவது எழுதியிருந்தால் அதைத் தேடிப் பிடிக்கலாம்.

எஸ்விஎன் டேக்குகள் (ஒரு குறிப்பிட்ட நிலைக்குப் பெயரிட்டு வைத்தவை) பிராஞ்சுகளாக, அதாவது தனிக் கிளைகளாக வந்து இறங்கும், அவற்றை டேக்காக மாற்றிக்கொள்ளுங்கள். காலி ஃபோல்டர்களைக் கிட் வைத்துக்கொள்ளாது. அதனால் காலியாக இருந்த அப்லோட் ஃபோல்டர் காணாமல் போய், புரோகிராம் ஓடாமல் நின்றுவிடலாம். கிட் ரெப்போக்களை இணையத்தில் வைக்கும் கிட்ஹப்பில், 100 எம்பிக்கு மேற்பட்ட கோப்பு வரலாற்றில் எங்கே இருந்தாலும் புஷ் (அங்கே அனுப்புவது) ஏறாது.

கடவுச்சொல் விஷயத்தில் மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். கிட்டில் குளோன் (ரெப்போவின் நகல்) எடுக்கும் ஒவ்வொருவர் கணினிக்கும் முழு வரலாறும் போகும். என்றோ கமிட் செய்து அப்புறம் நீக்கிய டேட்டாபேஸ் கடவுச்சொல்லும் அதில் இருக்கும். கிட்டுக்கு மாறுவதற்கு முன்பே அந்தக் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள்.

ஒரு முறை ஒத்திகை பாருங்கள். பழைய டேக் ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் எடுத்து ஒப்பிடுங்கள். சரியாக இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கமிட்டை நிறுத்திவிட்டு நிஜமாக மாற்றலாம். எஸ்விஎன்னைப் படிக்க மட்டும் திறந்து வையுங்கள். அதன் வரலாறு முழுவதும் அடங்கிய நகலாக முழு டம்ப் ஒன்று எடுத்து, அலுவலகத்துக்கு வெளியே வேறொரு டிஸ்க்கிலும் வையுங்கள்.