ஊசி போட்டும் பல் ஏன் வலிக்கிறது?

ஊசி போட்டு ஐந்து நிமிடம் ஆகிறது. உதடு தடித்து, கன்னம் தன்னுடையது இல்லாததுபோல் இருக்கிறது. ஆனாலும் டாக்டர் பல்லைக் குடைய ஆரம்பித்ததும் சுரீர் என்கிறது. பர்மாவில், ரங்கூனிலும் மோல்மேனிலும் நம்மவர்கள் பலர் அந்த நேரத்தில் நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்கிறார்கள். சொன்னால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்ற தயக்கம். பொறுக்கவே வேண்டாம். அந்த வலிக்குக் காரணம் உங்கள் மனத்தில் இல்லை, வேதியியலில் இருக்கிறது.

நரம்பில் வலிச் செய்தி ஓட வேண்டுமானால் அதன் சவ்வில் இருக்கும் நுண்ணிய சோடியம் கதவுகள் திறக்க வேண்டும். 1943இல் சுவீடனில் நில்ஸ் லொஃப்கிரன் உருவாக்கிய லிடோகெயின் என்ற மரப்பு மருந்து அந்தக் கதவை உள்பக்கமிருந்து அடைக்கிறது. உள்ளே போவதுதான் சிரமம். சவ்வு கொழுப்பால் ஆனது. மின்னேற்றம் இல்லாத மருந்துத் துகள் மட்டுமே அதைக் கடக்கும். புளிப்பை அளக்கும் எண் பிஎச், அது குறையக் குறையப் புளிப்பு கூடும். சாதாரணத் திசுவில், அதாவது பிஎச் 7.4இல், மருந்தில் ஏறத்தாழ கால்பங்கு இப்படி இருக்கிறது. சீழ் கோத்த இடம் புளித்துப் போயிருக்கும். பிஎச் 6.4க்கு இறங்கினால் அந்தக் கால்பங்கு வெறும் 3 சதவீதமாகிவிடும். மருந்து அங்கேயே இருந்தும் வாசலில் நிற்கிறது.

கீழ்க் கடைவாய்ப் பல்லில் இன்னொரு சிக்கல். மேல்தாடை எலும்பு மெல்லியது. பல்லுக்குப் பக்கத்தில் ஊசி போட்டாலே மருந்து ஊறி இறங்கும். கீழ்த்தாடை எலும்பு கெட்டி. அதனால் நரம்பு எலும்புக்குள் நுழையும் முன்பே, தாடையின் பின்பக்க உட்சுவரில், 20 முதல் 25 மில்லிமீட்டர் ஆழத்தில் அதைப் பிடிக்க வேண்டும். நுழையும் துளை ஆளுக்கு ஆள் கொஞ்சம் மேலோ கீழோ இருக்கும். கைதேர்ந்தவருக்கும் சில சமயம் தப்பும். சரியாக விழுந்தாலும் உதடு 3 முதல் 5 நிமிடத்தில் மரத்துவிடும். பல்லின் உட்கூழ் மரக்க 10, 15 நிமிடம் ஆவதும் உண்டு. இரவெல்லாம் துடித்த பல்லென்றால், லிடோகெயினுக்கு எளிதில் மசியாத வேறு வகைச் சோடியம் கதவுகள் அந்த நரம்பில் பெருகியிருக்கும். பல்வலி வந்த முதல் வாரமே போவதற்கும், முகம் வீங்கியபின் போவதற்கும் நாற்காலியில் தெரியும் வித்தியாசம் இதனால்தான்.

ஆகவே உதடு மரத்ததை நம்பக் கூடாது. குளிர்மருந்து தெளித்த பஞ்சை டாக்டர் பல்லில் வைத்துப் பார்க்கலாம். ஜில்லென்று தெரிந்தால் இன்னும் நேரம் வேண்டும், அல்லது இன்னொரு ஊசி வேண்டும். பல்லுக்கும் எலும்புக்கும் இடையிலான இடுக்கில் வேருக்கு 0.2 மில்லி அளவில் போடும் ஊசி உடனே வேலை செய்யும். இரண்டாம் ஊசி என்றதும் பயப்பட வேண்டாம். 1.8 மில்லிக் குப்பியில் உள்ள 2 சதவீத லிடோகெயின் 36 மில்லிகிராம்தான். கண்டிப்பான கணக்குப்படிகூட 50 கிலோ எடையுள்ள நலமான ஒருவருக்கு ஆறு குப்பி வரை போகலாம்.

நாற்காலியில் சாயும் முன்பே ஒன்றைப் பேசிவையுங்கள்: இடது கையைத் தூக்கினால் நிறுத்த வேண்டும். வலது கைப்பழக்கமுள்ள டாக்டர் உங்கள் வலப்பக்கம் இருப்பார், இடது கை அவர்மேல் இடிக்காது. வாயிலிருந்து கருவியை எடுத்ததும் பர்மிய மொழியில் “மதோன் தேபூ” என்றாலே போதும், இன்னும் மரக்கவில்லை என்று அவருக்குப் புரிந்துவிடும். ஒன்று மட்டும் பிரித்துச் சொல்லுங்கள். பிடுங்கும்போது அழுத்தமும் ஆட்டமும் தெரியத்தான் செய்யும். அந்த உணர்வைச் சுமக்கும் தடித்த நரம்பிழைகள் முழுதாக மரப்பதில்லை. கூர்மையாகக் குத்தினால்தான் அது வலி.

ஊசியே எரிகிறதே என்பார்கள். மரப்பு மருந்தோடு சேர்த்திருக்கும் அட்ரினலின் கெடாமலிருக்க மருந்தை அமிலமாக வைத்திருப்பதால் அந்த எரிச்சல். ஈறைத் துடைத்து உலர்த்தி மரப்பு ஜெல்லை ஒன்றிரண்டு நிமிடம் வைத்து, ஒரு குப்பியை ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் மெதுவாகச் செலுத்தினால் பெருமளவு அடங்கும். “மெதுவாகப் போடுங்கள்” என்று கேட்பது தவறில்லை. போட்டபின் நெஞ்சு படபடப்பதும் அதே அட்ரினலினால் இருக்கலாம். சில நிமிடத்தில் தணியும். அதை அலர்ஜி என்று எண்ணி, பிறகு வாழ்நாளெல்லாம் ஊசி வேண்டாமென்று மறுப்பவர்களைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. கண் இருட்டிக்கொண்டு வருவது பெரும்பாலும் பயத்தில் இரத்த அழுத்தம் இறங்குவது. வெறும் வயிற்றோடு போகாதீர்கள், படுத்தவாறே ஊசி போடச் சொல்லுங்கள், தொடைத் தசையைப் பத்து விநாடி இறுக்கித் தளர்த்துங்கள்.

வெற்றிலை போடுகிறவர்கள் வீட்டிலேயே ஒன்றைச் சோதிக்கலாம். மூன்று விரலை நெட்டாக அடுக்கி முன்பற்களுக்கு இடையில் நுழையுங்கள். நுழையவில்லையென்றால் பாக்கினால் கன்னத்தின் உட்தோல் நாராகி இறுகத் தொடங்கியிருக்கலாம். அப்படி இறுகிய வாயில் வழக்கமான கீழ்த்தாடை ஊசிக்குக் கை எட்டாது. வாய் மூடியபடியே போடும் அகினோசி முறை இருக்கிறது, முன்கூட்டியே சொன்னால் டாக்டர் ஆயத்தமாக இருப்பார். அந்த இறுக்கம் புற்றுநோய்க்கு வழிவிடக்கூடியது என்பதால் பல்லோடு அதையும் காட்டியாக வேண்டும்.

பிடுங்கியபின் துணியை அரைமணி நேரம் கடித்திருங்கள். மரப்பு 3 முதல் 5 மணி நேரம் இருக்கும். அதுவரை சூடான மொஹிங்கா (மீன்குழம்பு நூடுல்ஸ்) வேண்டாம், உதடு வெந்தாலும் தெரியாது. மரப்பு தணியும் முன்பே ஐபுப்ரோஃபென் 400 மில்லிகிராமும் பாரசிட்டமால் 500 மில்லிகிராமும் சாப்பாட்டுக்குப்பின் எடுத்தால், இரண்டும் சேர்ந்து தனித்தனியே செய்வதைவிட நன்றாக வலியை அடக்கும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம், டெங்கு சந்தேகம் உள்ளவர்களுக்கு ஐபுப்ரோஃபென் ஆகாது.

குழியில் உறையும் இரத்தக்கட்டிதான் அங்கே எலும்புக்குப் போர்வை. முதல் நாள் வேகமாகத் துப்பினாலோ, கொப்பளித்தாலோ, புகைத்தாலோ அது பெயர்ந்துவிடும். வெற்றிலை போட்டால் துப்பத்தான் வேண்டும், அதனால் சில நாள் அதையும் நிறுத்துங்கள். லப்பெத்தில் (ஊறவைத்த தேயிலைக் கலவையில்) வரும் வறுத்த பருப்பும் குழியில் சிக்கும். இரண்டாம் நாள் குறைந்த வலி மூன்றாம் நாள் காது வரை தெறித்து, வாயும் நாறினால் போர்வை போய்விட்டது என்று பொருள். வீட்டில் மாத்திரையைக் கூட்டிக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் திரும்பிப் போங்கள். குழியைக் கழுவி மருந்துத் துணி வைத்தால் பெரும்பாலும் அன்றே தணிந்துவிடும்.