ஒர்க்-லைஃப் பேலன்ஸ்: தமிழில் எப்படிச் சொல்வது?

வேலையும் சொந்த வாழ்க்கையும் ஒன்றையொன்று விழுங்காமல், இரண்டுக்கும் நேரமும் தெம்பும் இருப்பதுதான் ஒர்க்-லைஃப் பேலன்ஸ். தமிழில் பணி-வாழ்வுச் சமநிலை.

பேலன்ஸ் என்ற சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. ‘பை’ என்றால் இரண்டு, ‘லாங்ஸ்’ என்றால் தட்டு. இந்த இரட்டைத் தட்டுத் தராசு பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. சொல்தொடர் புதிது, கோரிக்கை பழசு. எட்டு மணி நேரம் உழைப்பு, எட்டு மணி நேரம் பொழுதுபோக்கு, எட்டு மணி நேரம் ஓய்வு என்று 1817-லேயே கேட்டவர் பிரிட்டனின் ஆலை உரிமையாளரும் சமூகச் சீர்திருத்தவாதியுமான ராபர்ட் ஓவன். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் முதல் உடன்படிக்கை 1919-இல் தொழிற்சாலை வேலையை நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரையறுத்தது.

‘பணி-வாழ்வுச் சமத்துவம்’ என்று எழுதினால் பொருந்தாது. சமத்துவம் என்றால் இரண்டுக்கும் சரிபங்கு. சமநிலை என்றால் எந்தப் பக்கமும் சாய்ந்து விழாமல் நிற்பது. மருந்துத் துறையில் இந்த வேறுபாடு முக்கியம், ஏனென்றால் அங்கே சரிபங்குக்கு வழியே இல்லை. தொடங்கிய பேட்ச்சை, அதாவது ஒரே தடவையில் தயாராகும் மருந்துத் தொகுதியை, நினைத்த நேரத்தில் நிறுத்த முடியாது. அடுத்த ஷிப்டுக்கு ஆள் வராவிட்டால் இருப்பவர்தான் தொடர வேண்டும். தூசியும் கிருமியும் புகாதபடி காக்கப்படும் கிளீன் ரூமுக்குள் போவதென்றால் உடை மாற்றி, தொப்பி, முகக்கவசம், கையுறை எல்லாம் மாட்ட வேண்டும். செல்போன் வெளியே லாக்கரில். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து அழைத்திருந்தால், இடைவேளையில் வெளியே வந்த பிறகுதான் தெரியும். மருத்துவர்களைச் சந்தித்துத் தங்கள் நிறுவனத்தின் மருந்துகளை எடுத்துச் சொல்லும் மெடிக்கல் ரெப்களுக்குச் சிக்கல் வேறு மாதிரி: மருத்துவர் கடைசி நோயாளியைப் பார்த்து முடிக்கும்வரை காத்திருப்பு, அப்புறம் வீட்டில் உட்கார்ந்து அன்றைய ரிப்போர்ட், மாதக் கடைசியில் டார்கெட். ஷிப்ட் அட்டவணையை முன்கூட்டியே சொல்வதும், விடுப்பில் இருப்பவரை அழைக்காமல் விடுவதும்தான் இவர்கள் விஷயத்தில் சமநிலை என்று நினைக்கிறேன். வேலை நேரத்துக்குப் பின் தொடர்பில் இல்லாமல் இருக்கும் உரிமை பிரான்சில் 2017 முதல் சட்டத்தில் இருக்கிறது.

கூடவே வரும் இன்னொரு சொல் குவாலிட்டி ஆஃப் லைஃப். இதை ‘வாழ்க்கைத் தரம்’ என்று எழுதினால் குழப்பம்தான். வருமானமும் வீடும் வசதியுமே நினைவுக்கு வரும். உலக சுகாதார அமைப்பின் 26 கேள்விகள் கொண்ட சுருக்க வினாத்தாள் உடல், மனம், சமூக உறவுகள், சுற்றுச்சூழல் என நான்கையும் விசாரிக்கிறது. ஆகவே ‘வாழ்வு நலம்’ என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. நல்ல சம்பளம், சொந்த வீடு எல்லாம் இருந்தும், மாறி மாறி வரும் இரவு ஷிப்டால் தூக்கம் கெட்டு, பிள்ளைகளோடு பேசக்கூட நேரமில்லாத ஒருவருக்கு வாழ்க்கைத் தரம் உயர்ந்திருக்கிறது, வாழ்வு நலம் குறைந்திருக்கிறது.