பழைய எண்ணெயில் டீசல் செய்ய என்ன உரிமம் வேண்டும்?

2022இல் இலங்கையில் பெற்றோல் செட் வாசலில் கியூவில் நின்ற பலருக்கும் வந்த யோசனைதான்: வடைக்கடையில் மிஞ்சும் எண்ணெயை டீசலாக்கி லாண்ட் மாஸ்டர் உழவு இயந்திரத்துக்கு ஊற்றினால் என்ன? ஊற்றலாம். ஆனால் அதைத் தொழிலாகச் செய்ய உரிமம் வேண்டும். எந்த உரிமம் என்பது எதைச் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது, ஆகவே முதலில் செய்முறை.

வழக்கமாக எண்ணெயோடு மெதனோலும் கோஸ்டிக் சோடாவும் சேர்ப்பார்கள். பலதரம் பொரித்த எண்ணெயில் அமிலம் ஏறியிருக்கும். சோடா பட்டதும் அது சவர்க்காரமாகிவிடும். அப்புறம் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். சோடாவுக்குப் பதில் லைபேஸ் என்ற நொதியத்தைப் போட்டால் அந்த அமிலமும் டீசலாகும், கழுவுகிற தண்ணீரும் வெகுவாகக் குறையும்.

இந்த லைபேஸை விவசாயக் கழிவிலேயே வளர்க்கலாம். எள்ளுப் புண்ணாக்கையோ தவிட்டையோ அவித்து ஆறவிட்டு, கையில் பிடித்தால் உருண்டை நிற்கிற ஈரத்தில் வைத்து, அஸ்பெர்ஜிலஸ் போன்ற பூஞ்சணத்தைத் தூவ வேண்டும். 30 பாகை வெப்பத்தில் மூன்று நான்கு நாளில் பஞ்சு போர்த்தது போல மூடிவிடும். புண்ணாக்கில் மிச்சமிருக்கும் எண்ணெயைத் தின்பதற்காகத்தான் அது லைபேஸைச் சுரக்கிறது. தானாகப் பூத்த பூஞ்சணத்தை எடுக்காதீர்கள், நஞ்சு சுரக்கும் இனமும் அதில் இருக்கலாம். ஆய்வுகூடத்தில் அடையாளம் கண்ட இனம்தான் வேண்டும்.

100 கிலோ எண்ணெய்க்குச் சுமார் 11 கிலோ மெதனோல் போகும். சுமார் 10 கிலோ கிளிசரின் மிஞ்சும். மெதனோலை ஒரேயடியாக ஊற்றினால் லைபேஸ் செயலிழந்துவிடும், இரண்டு மூன்று தடவையாக விட வேண்டும்.

சரி, இனி உரிமம். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டப்படி, வர்த்தமானியில் பட்டியலிட்ட தொழில்களைச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் இல்லாமல் நடத்த முடியாது. பாதிப்புக் குறைந்த தொழில்களுக்கு பிரதேச சபை, நகர சபை, மாநகர சபையே உரிமம் தரும். அதை நம்பி நேரே சபைக்குப் போய்விட வேண்டாம். இரசாயனப் பொருள் உற்பத்தியும் அந்தப் பட்டியலில் இருக்கிறது, மெதனோல் கையாளும் வேலையைச் சின்னத் தொழில் என்று சொல்லித் தப்ப முடியாது. முதலில் மத்திய சுற்றாடல் அதிகாரசபையில் உங்கள் தொழில் எந்த வகைக்குள் வருகிறது என்று கேளுங்கள்.

விண்ணப்பத்தில் மூலப்பொருள், ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர், கழிவு எங்கே போகிறது என்பதெல்லாம் கேட்பார்கள். பரிசோதனைக் கட்டணம் கட்டிய பிறகு இடத்தைப் பார்க்க வருவார்கள். கிளிசரினும் கழுவிய தண்ணீரும் எங்கே போகின்றன என்பதற்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும். வளவுக்குள் குழி வெட்டி விடுவோம் என்பது பதில் ஆகாது. யாழ்ப்பாணத்தின் நிலம் சுண்ணாம்புக்கல், மேலே ஊற்றியது வெடிப்புகளின் வழியே பக்கத்து வீட்டுக் கிணற்றுக்குப் போய்ச் சேரும். சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில் 2019இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்த உத்தரவிட்டது. லைபேஸ் முறைக்குச் செலவு கொஞ்சம் கூடினாலும் நான் அதன் பக்கம் நிற்பது இதனால்தான்.

மெதனோல் சுமார் 11 பாகையிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை விடும். நம் ஊரில் மார்கழி விடியலிலும் அதைவிடச் சூடு. குசினிப் பக்கம் வைக்கவே கூடாது. அது பயமென்று எதனோலுக்கு மாறினால் லைபேஸ் அதையும் ஏற்கும், ஆனால் மதுவரித் திணைக்களத்தின் அனுமதி தேவைப்படும்.

செய்ததை வழக்கமான டீசலோடு கலந்து விற்கும் எண்ணமிருந்தால் அது வேறு கதை. டீசல் விற்பதற்கு 2002ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பெற்றோலியப் பொருட்கள் (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தின் கீழ் தனி உரிமம் எடுக்க வேண்டும்.

சுற்றாடல் உரிமம் ஒருமுறை எடுத்தால் காலத்துக்கும் செல்லாது, முடியும் தேதிக்கு முன்பே புதுப்பிக்க வேண்டும். தர மறுத்தாலோ இடையில் இரத்துச் செய்தாலோ, எழுத்தில் அறிவித்ததிலிருந்து 30 நாளுக்குள் அமைச்சின் செயலாளருக்கு மேன்முறையீடு செய்யலாம். வாய்ச்சொல்லாக 'ஏலாது' என்றால் திரும்பி வந்துவிடாதீர்கள். எழுத்தில் தரச் சொல்லி, தேதியோடு வாங்கிக்கொள்ளுங்கள்.