குளியல் தொட்டியில் மூத்திரம் போகும் பூனையை அடிக்காதீர்கள்

உங்கள் வீட்டுக் கடுவன் பூனை லிட்டர் பெட்டிக்கும் (மலம், மூத்திரம் போக லிட்டர் என்னும் மணல் போட்டு வைக்கும் பெட்டி) குளியலறைக்கும் மாறி மாறி ஓடி, முக்கி முக்கி, சொட்டுச் சொட்டாகத்தான் போகிறது, இல்லை ஒன்றுமே வரவில்லை என்றால், இதைப் படித்துக்கொண்டிருக்காமல் உடனே கால்நடை மருத்துவரை ஃபோனில் கூப்பிடுங்கள். ஞாயிறோ, பெரிய வெள்ளியோ, நடுராத்திரியோ, காலைவரை காத்திருக்க வேண்டாம். மற்றவர்கள் மேலே படியுங்கள்.

ஈஸ்டர் விடுமுறை முடிந்த செவ்வாய்க்கிழமை காலையில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வொர்த்திலிருந்து அப்படி ஒரு கடுவனை என் க்ளினிக்குக்குக் கொண்டுவந்தார்கள். வியாழக்கிழமை குளியல் தொட்டியில் மூத்திரம் போயிருக்கிறது, செருப்படி வாங்கியிருக்கிறது. மறுநாள் எல்லோரும் மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் கிளம்பும்போது, அடைத்துவைத்தால் புத்தி வரும் என்று கராஜில் விட்டுப் பூட்டியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அது முக்குவதைப் பார்த்த ஆயா, பாவம், மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்திருக்கிறார். என் மேசைக்கு வந்தபோது உடம்பு சில்லிட்டிருந்தது, மூத்திரப் பை ஆரஞ்சுப் பழம் மாதிரி இறுகிக் கிடந்தது. காப்பாற்ற முடியவில்லை. ஆண் பூனைக்கு மூத்திரக் குழாய் மிகக் குறுகல், அடைத்துக்கொண்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி ஒன்றிரண்டு நாளில் இதயம் நின்றுவிடும். வியாழக்கிழமையே வந்திருந்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு இருந்தது.

அந்த வீட்டுக்காரர்கள் கெட்டவர்கள் இல்லை, அழுதுகொண்டே நின்றார்கள். அந்தப் பூனையைக் கொன்றதில் பாதிப் பங்கு ஒரு நம்பிக்கைக்கு உண்டு: ‘டாக்டர், அது வேணும்னே செய்யுது.’ இந்த ஒரு வாக்கியத்தை எத்தனை பேரிடம் கேட்டுவிட்டேன்! புது மருமகள் வந்தது பிடிக்காமல் அவள் கட்டிலில் போகிறதாம், திட்டியதற்குப் பழிவாங்கச் சாமி அறையில் குத்துவிளக்குப் பக்கத்திலேயே போகிறதாம். பூனைக்குப் பழிவாங்கத் தெரியாது. காலையில் வாங்கிய திட்டுக்கு மாலையில் எங்கே மூத்திரம் போனால் உங்களுக்கு அதிகம் வலிக்கும் என்று யோசித்துத் திட்டம் போடும் பிராணி இல்லை அது. பெட்டியில் போகும்போது வலித்தால், வலிக்குக் காரணம் பெட்டிதான் என்று அதற்குப் பதிந்துவிடும். உடனே வேறு இடம் தேடும். வழுவழுப்பாகக் குளிர்ச்சியாக இருக்கும் குளியல் தொட்டி, இல்லாவிட்டால் மெத்தென்று இருக்கும் கட்டில், துவைக்கப் போட்ட துணி. வீட்டுக்குள் புது ஆள் வாசனை வந்தால் மிரண்டுபோய்த் தன் வாசனையையும் அங்கே வைத்து ஆறுதல் தேடும் பூனைகளும் உண்டு. அதில் உங்கள் மருமகள் மேல் ஒரு கோபமும் கிடையாது. ‘தப்பு செய்தது தெரிந்துதான் ஒளிந்துகொள்கிறது’ என்பார்கள். உங்கள் குரலுக்கும் கைக்கும் பயந்து ஒளிகிறது, அவ்வளவுதான். மூக்கைப் பிடித்து ஈரத்தில் தேய்க்கிறீர்களே, அதிலிருந்து அது கற்றுக்கொள்வது உங்களைக் கண்டால் ஓட வேண்டும் என்பதை மட்டும். அப்புறம் அலமாரிக்குப் பின்னால் போகும். அந்தப் பயமே மூத்திரப் பை அழற்சியைக் கூட்டும். தயவுசெய்து அடிக்காதீர்கள்.

முதலில் மூத்திரப் பரிசோதனை. எனக்கு ஆன்டிபயாடிக் மட்டும் எழுதிக் கொடுங்கள் என்று கேட்பவர்களுக்கு: இளம் பூனைகளிலும் நடுவயதுப் பூனைகளிலும் இந்தத் தொல்லைக்குப் பெரும்பாலும் கிருமி காரணமே இல்லை, மனஅழுத்தத்தால் வரும் அழற்சிதான் அதிகம். வயதான பூனை என்றால் சிறுநீரகம், சர்க்கரை, மூட்டுவலி எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள், ஒரே மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும்.

பீய்ச்சுவது வேறு விஷயம். நின்றபடி, வாலைத் தூக்கி நடுக்கி, சுவரிலோ கதவிலோ அடித்தால் அது எல்லை குறிப்பது. சாட்ஸ்வொர்த்தில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், ஜன்னலுக்கு வெளியே தெருப் பூனை வந்து நின்றாலே உள்ளே இருப்பது ஆரம்பித்துவிடும். கருத்தடை செய்யுங்கள். பத்தில் ஒன்பது கடுவன்கள் விட்டுவிடும், இல்லை வெகுவாகக் குறைத்துக்கொள்ளும். ‘ஆண் பூனைக்கு எதற்கு ஆபரேஷன்’ என்று தள்ளிப்போட்டுவிட்டு சோபாவை மாற்றிக்கொண்டிருக்காதீர்கள்.

பெட்டி விஷயத்தில் நீங்கள் செய்யும் கஞ்சத்தனம்தான் எனக்குப் புரியவில்லை. இரண்டு பூனைக்கு மூன்று பெட்டி வேண்டும், ஒரே மூலையில் அடுக்கிவைக்காமல் வேறு வேறு இடத்தில். வாஷிங் மெஷின் பக்கத்தில் வைத்தால், அது சுழலும் சத்தத்தில் ஒரு தடவை பயந்த பூனை மறுபடி அங்கே போகாது. கடையில் விற்கும் பெட்டிகளில் பல சின்னவை. பூனையின் மூக்கிலிருந்து வால் ஆரம்பிக்கும் இடம்வரை அளந்து அதைப்போல் ஒன்றரை மடங்கு நீளம் வேண்டும், துணி வைக்கும் பிளாஸ்டிக் பெட்டியே போதும், கிழப் பூனைக்கு ஒரு பக்கத்தைத் தாழ்வாக வெட்டிவிடுங்கள். வாசனை போட்ட லிட்டர் உங்கள் மூக்குக்குத்தான் நல்லது, பூனைக்கு மணமில்லாத பொடி லிட்டர்தான் பிடிக்கும். தினமும் அள்ளுங்கள். தினமும் என்றால் தினமும்.

கழுவுவதற்கு அமோனியா கலந்த எதுவும் வேண்டாம், அது மூத்திர வாடையையே நினைவுபடுத்தி மறுபடி அங்கேயே அழைக்கும். ப்ளீச்சை மூத்திரத்தின் மேல் ஊற்றினால் நச்சு வாயு வரும். கறுப்பு பினாயில் பூனைக்கு விஷம், காலில் பட்டதை நக்கினாலே ஆபத்து. என்சைம் கலந்த க்ளீனர் வாங்கி, ஈரம் ஊறிய இடம் முழுக்கத் தெளித்து, தானாகக் காயவிடுங்கள்.

தீபாவளி வெடிக்கும், வீடு நிறைய விருந்தாளிகள் வரும் நாட்களுக்கும் ஒரு தனி அறையைப் பெட்டி, தண்ணீர், ஒளிந்துகொள்ள ஒரு அட்டைப்பெட்டியோடு முன்கூட்டியே தயார் செய்யுங்கள். தண்டனையாகப் பூட்டுவது போல் இல்லாமல், அது விரும்பிப் போகிற மாதிரி. டின் உணவோ, உணவில் கொஞ்சம் தண்ணீர் கலந்தோ கொடுத்தால் மூத்திரம் நீர்த்துப் போகும், அழற்சிக்கு அதுவும் உதவி.

இத்தனையும் செய்து பார்க்காமல் எஸ்.பி.சி.ஏ. விலங்குக் காப்பகத்தில் விட்டுவிட வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். என்னிடம் வரும்போது எந்த நாளில், எந்த இடத்தில், எவ்வளவு போனது என்று எழுதிக்கொண்டு வாருங்கள், அது முக்கும்போது ஃபோனில் ஒரு வீடியோ எடுத்தால் இன்னும் நல்லது. மூத்திரம் பிடிக்க, கழுவிய பெட்டியில் லிட்டர் போடாமல் மீன்தொட்டிக் கூழாங்கல்லைக் கழுவிப் பரப்பி, அது போனதும் ஊசியில்லாத சிரிஞ்சால் உறிஞ்சி மூடியுள்ள சின்னப் புட்டியில் ஊற்றி, க்ளினிக்குக்குக் கிளம்பும்வரை ஃப்ரிட்ஜில் வைத்து, அன்றைக்கே கொண்டுவாருங்கள். ஒன்றுமே பிடிக்க முடியவில்லை, சொட்டுக்கூட வரவில்லை என்றால் புட்டியைத் தேடிக்கொண்டிருக்காமல் பூனையைத் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள்.