கிராங்கைத் தாங்குவது பம்ப் அல்ல

கொட்டியாரக் குடாவில் ஃபைபர் படகில் போனவர்களுக்கு இது தெரியும். மெதுவாகப் போகும்போது படகின் வயிறு நீருக்குள் அமிழ்ந்திருக்கும். வேகம் ஏற ஏற அணியம் உயர்ந்து, படகு நீரின் மேலேறி வழுக்கிக்கொண்டு ஓடும். எஞ்சினுக்குள், பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் கிராங்க் தண்டும் ஏறக்குறைய இப்படித்தான். நிற்கும்போது தன்னைத் தாங்கும் மெயின் பேரிங்கின் மேல் படிந்து கிடக்கிறது. சுழலத் தொடங்கியதும் ஒயிலைத் தன்னோடு இழுத்து, ஆப்புப் போல ஒடுங்கும் இடுக்கில் திணித்து, அதன் மேலேயே மிதக்கிறது. படகை உயர்த்துவது நீரின் நிறை. தண்டை உயர்த்துவது ஒயிலின் பிசுக்குமை.

1880களில் ஆங்கிலப் பொறியியலாளர் பியூசாம்ப் டவர் ரயில் அச்சுகளின் பேரிங்கை ஆராய்ந்தார். ஒயில் விடுவதற்காக மேலே துளையிட்டார். ஒயில் உள்ளே போகாமல் வெளியே பொங்கியது. மரத்தக்கையால் அடைத்தார், அதையும் தள்ளிவிட்டது. 1886இல் ஒஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்கான கணிதத்தை எழுதினார். இவ்வளவு காலத்துக்குப் பிறகும் ஒயில் பிரஷர் மீற்றரின் முள்ளை மட்டும் பார்த்து, பேரிங் பத்திரம் என்று நம்புகிறவர்கள் இருப்பது எனக்கு வருத்தமே. ஒயில் பம்ப் தருவது வளிமண்டல அழுத்தத்தின் சில மடங்கு. தண்டுக்கும் பேரிங்குக்கும் நடுவிலுள்ள ஒயில் படலத்துக்குள் பிறப்பதோ பல நூறு மடங்கு. பம்பின் கடமை ஒயிலை இடைவிடாமல் கொண்டுபோய்க் கொடுப்பதுதான்.

நேர்கோட்டில் குறுகிய தூரம் பாயும் டிராக் பந்தயத்தில் அந்தத் தொடர்ச்சிதான் முதலில் அறுகிறது. கார் பாய்ந்ததும், எஞ்சினின் அடிச்சட்டியில் கிடக்கும் ஒயில் அதன் பின்பக்கம் ஏறிவிடுகிறது. உறிஞ்சுகுழாய் காற்றை இழுத்தால், படலம் இருக்கவேண்டிய இடத்துக்கு நுரை வந்து சேர்கிறது. ஓட்டத்தின் முடிவில் பாராசூட் விரியும்போது அதே ஒயில் முன்னோக்கிப் பாய்கிறது. ஆழமான சட்டி, தடுப்புத் தகடுகள், ஒயிலைத் தனித் தொட்டியில் வைக்கும் ஏற்பாடு எல்லாம் இதற்காகவே.

உப்புவெளியில் ஒரு கராஜில், மெக்கானிக் அண்ணன் படகு எஞ்சினொன்றின் பேரிங் ஓடு ஒன்றை, அதாவது தண்டைச் சுற்றி மேலும் கீழுமாக இருக்கும் அரைவட்டத் தகடுகளில் ஒன்றை, என் உள்ளங்கையில் வைத்தார். சாம்பல் நிறத் தோல். நடுவில் நாணய அளவுக்குச் செம்பின் சிவப்பு. நகத்தால் வருடினால் அந்த இடம் சற்றுச் சொரசொரத்தது. அடியில் உருக்கு, அதன்மேல் செம்புக் கலவை, எல்லாவற்றுக்கும் மேலே ஈயமும் வெள்ளீயமும் கலந்த மென்தோல். பந்தய பேரிங்குகளில் அந்தத் தோலின் தடிப்பு ஏறக்குறைய 0.01 முதல் 0.02 மில்லிமீற்றர். தூசு வந்தால் விழுங்கிக்கொள்ளவே அது மென்மையாக இருக்கிறது.

மெயின் பேரிங்கில், சிலிண்டரில் எரியும் வாயுவின் அடியைத் தாங்குவது கீழ் ஓடு. பந்தய எஞ்சினில் கீழ் ஓடுகள் எல்லாமே சிவந்திருந்தால் ஒயிலைக் குறைசொல்லுமுன் தீப்பொறியின் நேரத்தைச் சோதிக்கவேண்டும்; எரிபொருள் அகாலத்தில் வெடித்து, சம்மட்டிபோல் படலத்தை நசுக்கியிருக்கலாம். ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் தண்டு வளைந்திருக்கிறதா, பேரிங்கை இறுக்கிப் பிடிக்கும் மூடி இடம்பெயர்ந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். 10,000 குதிரைவலுவைத் தாண்டும் டொப் ஃபியூவல் என்ற டிராக் பந்தயப் பிரிவுக் கார்களின் அணிகள், நான்கு விநாடிகூட நீளாத ஓட்டத்துக்குப் பிறகு எஞ்சினைக் கழற்றி இந்த ஓடுகளைப் படிக்கின்றன.

தண்டுக்கும் ஓட்டுக்கும் நடுவிலான இடைவெளிக்கு ஒரு பழைய கணக்கு உண்டு: தண்டின் விட்டம் ஓர் அங்குலமானால் இடைவெளி அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பந்தயத்தில் தண்டு நெளிவதால் சற்றுக் கூட்டிவிடுகிறார்கள். கூட்டினால் ஒயிலும் தடித்ததாக வேண்டும்; இல்லையேல் பக்கவாட்டில் ஒழுகிவிடும்.

படலமே இல்லாத நேரம், ஸ்டார்ட் செய்யும் கணம். புதிதாகப் பூட்டிய பந்தய எஞ்சினில் முதலில் பம்பை மட்டும் டிரில்லால் சுற்றி, ஒயிலை எல்லா இடத்துக்கும் ஏற்றுகிறார்கள். கொட்பேயில் வாரக்கணக்கில் கட்டிக்கிடந்த படகுக்கு அந்த அண்ணன் செய்வதும் அதே நோக்கத்தில்தான். டீசலை நிறுத்தி வைத்து, மீற்றரின் முள் எழும்வரை ஸ்டார்ட்டரைச் சுற்றுகிறார். பிறகுதான் டீசலைத் திறக்கிறார்.